செமான்டிக் வெப் (இணையத் தரவைக் கணினியும் பொருள் புரிந்து படிக்கும்படி அமைக்கும் திட்டம்) தோற்றுப்போனதா? நாம் பேசும் மொழியிலேயே கேள்வி கேட்கும் இயல்மொழித் தேடலில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறதா?

பாதி தோற்றது. 2001-இல் வைய விரிவலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ முதலானோர் எழுதியபடி எல்லாத் தளங்களும் தம் தரவைக் கணினிக்குப் புரியும்படி குறித்துவைக்கவில்லை. குறிப்பவருக்கு என்ன லாபம்? 2011-இல் அப்படிக் குறிப்பதற்கான பொதுச் சொற்றொகுதியாக ஸ்கீமா.ஆர்க் வந்து, தேடல் முடிவில் விலையும் நட்சத்திரமும் தெரியும் என்றானதும் கடைக்காரர்கள் தாமாகவே குறித்தார்கள். மற்றபடி பிழைத்தவை கூகுளின் நாலெட்ஜ் கிராஃப், விக்கிடேட்டா (இரண்டும் 2012) போன்ற பெரிய அறிவு வரைபடங்கள், அதாவது ஆள், ஊர் போன்றவற்றையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் இணைத்துவைத்த தரவுத்தொகுப்புகள்.

இன்று இயல்மொழித் தேடலில் பெரும்பகுதி வெக்டர் தேடலும் (பொருள் நெருக்கத்தைப் பார்த்துத் தேடுவது) சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியும்தான். 'ஏன்', 'எப்படி' என்ற கேள்விகளுக்கு அது போதும். 'எத்தனை பேர்', 'யார் யார்' என்றால் தடுமாறும். கேள்விக்கு நெருக்கமான சில பத்திகளைத்தான் அது எடுத்துத் தரும், எண்ணிப் பார்க்காது. அங்கேதான் வரைபடம் வேண்டும்.

'மதுரை மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர்கள்' என்ற கேள்வியை விக்கிடேட்டாவில் ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொழி மாதிரியையே நேரடியாக ஸ்பார்க்கிள் (விக்கிடேட்டாவைக் கேட்கும் வினவல் மொழி) எழுதச் சொன்னால் கியூ எண்ணை (ஒவ்வொரு உருப்படிக்கும் உள்ள அடையாள எண்) கற்பனையாகப் போட்டுவிடக்கூடும். அப்போது வினவல் பிழையில்லாமல் ஓடும், பதில் மட்டும் தப்பாக இருக்கும். ஆகவே முதலில் பெயர்த் தேடலில் எண்களை எடுத்து, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும் மாதிரியை விடுங்கள். மதுரை நகரம் வேறு, மாவட்டம் வேறு உருப்படி என்பதையும் கவனியுங்கள்.

அடுத்து, பிறந்த இடம் (பி19; விக்கிடேட்டாவில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு 'பி' எண் உண்டு) பெரும்பாலும் ஊராகவோ நகரமாகவோ இருக்கும். அதிலிருந்து பி131 (எந்த நிர்வாகப் பகுதியில் உள்ளது) வழியாகப் படிப்படியாக மாவட்டம்வரை ஏற வேண்டும். தொழில் (பி106) 'எழுத்தாளர்' என்று மட்டும் கேட்டால் 'கவிஞர்', 'நாவலாசிரியர்' என்று மட்டும் பதிவானவர்கள் விடுபடுவார்கள். உட்பிரிவுகளுக்கு பி279 (எதன் உட்பிரிவு) சேர்க்க வேண்டும். இடம், தொழில் என்ற இரண்டு ஏணிகளையும் ஒரே வினவலில் போட்டால் விக்கிடேட்டாவின் 60 விநாடி வரம்பில் அறுந்துபோக வாய்ப்புண்டு. ஊர்களின் பட்டியலை முதலில் தனியாக எடுத்து, அடுத்த வினவலில் கொடுங்கள். பெயர்களுக்குத் தமிழை முதலிலும் ஆங்கிலத்தை அடுத்தும் கேளுங்கள். தமிழ் மட்டும் கேட்டால் பல வரிகளில் வெறும் கியூ எண்தான் வரும்.

தமிழில் கேட்கும்போது இன்னொரு இடறல்: 'மதுரையில்', 'மதுரைக்கு' எதுவும் 'மதுரை' என்ற பெயரோடு நேராகப் பொருந்தாது. வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். 'மரத்தில்' என்பதிலிருந்து 'இல்'லை வெட்டினால் 'மரத்து' அல்லவா மிஞ்சும், 'மரம்' கிடைக்காது. வெறுமனே கடைசி எழுத்துகளை நறுக்கும் நிரல் இதில் உதவாது; உருபனியல் பகுப்பி (சொல்லை மூலவடிவமாகவும் உருபுகளாகவும் பிரிக்கும் நிரல்) ஒன்று வேண்டும், அல்லது பெயரை மூலவடிவில் தரும்படி மாதிரியிடமே கேட்கலாம். இந்த வேலையை அது ஓரளவு நன்றாகவே செய்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வரும் எண்ணிக்கை விக்கிடேட்டாவில் பதிவானவர்களின் எண்ணிக்கைதான். பிறந்த ஊர் நிரப்பப்படாத எழுத்தாளர் அதில் வரமாட்டார்.