ஏரியில் பார்த்தது எந்த ஆலா?

கேள்வி: ஏரி ஒன்றின் மேல், புறாவைவிடச் சிறிய சாம்பல் நிறப் பறவைகள் சில, கறுப்புத் தொப்பி வைத்தாற்போன்ற தலையுடன் தாழப் பறந்து வந்து, நீரைத் தொட்டும் தொடாமலும் மேலெழும்புவதைக் கண்டேன். மூன்று மாதங்களுக்கு முன் அங்கே பார்த்தவற்றுக்கு வயிறு வெள்ளையாக இருந்தது. தொப்பியும் அரைகுறையாகவே தெரிந்தது. இவை கடற்காகங்களா, ஆலாக்களா? இரண்டும் வெவ்வேறு இனங்களா?

பதில்: ஆலாக்களேதான், இரண்டு முறையும் நீங்கள் பார்த்தது மீசை ஆலா என்னும் ஒரே இனம் என்றே கருதுகிறேன். கடற்காகம் பருத்த உடல் கொண்டது. நீரில் மிதந்தபடி இளைப்பாறும். ஆலாவோ ஒடிசலானது, அலகைக் கீழ்நோக்கிச் சாய்த்து, நீர்ப்பரப்பைத் துழாவிக்கொண்டே பறக்கும், நீரில் அமர்வது அரிது.

இனம் பிரிப்பதற்கு, நிறத்தைவிட இரை பிடிக்கும் விதத்தை முதலில் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆற்று ஆலா போன்ற பெரிய இனங்கள் உயரத்திலிருந்து தலைகீழாக நீரில் பாய்ந்து மீனைக் கவ்வும். மீசை ஆலா அவ்வாறு பாய்வது குறைவு. பறந்த வாக்கிலேயே தலையைத் தாழ்த்தி, பூச்சியையோ சிறு மீனையோ தலைப்பிரட்டையையோ கொத்திக்கொண்டு எழும். ‘தொட்டும் தொடாமலும்’ என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கிடைத்த நல்ல தடயம்.

இனப்பெருக்கக் காலத்தில், கரிய தொப்பிக்கும் அடர்சாம்பல் மார்புக்கும் நடுவே, அலகின் அடியிலிருந்து கன்னம் வழியே பின்னோக்கி ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். மீசை என்ற பெயருக்குக் காரணம் அதுவே. அப்போது அலகு அடர்சிவப்பாக இருக்கும். அக்காலம் கழிந்ததும் நெற்றியும் வயிறும் வெளுத்து, அலகு கறுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டும் உச்சியில் சில கோடுகளுமே எஞ்சும். இந்தக் கோலத்தில் வெள்ளை இறக்கை ஆலாவிலிருந்து இதைப் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கும் கடினம். வெள்ளை இறக்கை ஆலாவின் கருந்திட்டு கண்ணுக்குக் கீழேயும் இறங்கியிருக்கும், முதுகு முடிந்து வால் தொடங்கும் பகுதியும் வெளுத்துத் தெரியும்.

இதன் வாழ்வில் என்னை மிகவும் வியக்கவைப்பது கூடுதான். பெரும்பாலான ஆலாக்கள் மணலிலும் பாறையிலும் முட்டையிட, இது நீர்ச்செடிகளின் மீது தண்டுகளையும் இலைகளையும் குவித்து, மிதக்கும் மேடை போலக் கூடு கட்டி, பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். பெற்றோர் இருவரும் மாறி மாறி ஏறக்குறைய மூன்று வாரங்கள் அடைகாக்கும். நீர்மட்டம் திடீரென ஏறினாலோ, படகு கிளப்பிய அலை மோதினாலோ முட்டைகள் நீருக்குள் போய்விடக்கூடும். ஆகவே ஆலாக்கள் கரகரத்த குரலில் கத்திக்கொண்டு உங்கள் தலையை நோக்கிப் பாய்ந்தால், கூடு அருகில் இருக்கிறது என்று உணர்ந்து, படமெடுப்பதை விட்டுவிட்டு உடனே விலகிவிடுங்கள்.