லிட்டன் பிரபுவும் ஒரு பவுண்டு தானியமும்

கேள்வி: லிட்டன் பிரபு நல்ல கவிஞர், அனுபவமுள்ள ராஜதந்திரி. தாது வருஷப் பஞ்சம் (1876-78) மழை பொய்த்து வந்தது. அதற்காக வைஸ்ராய் மேல் பழி போடுவது நியாயமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நியாயம்தான். மழை பொய்த்ததற்கு யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பொய்த்த பிறகு அவர் எடுத்த முடிவுகளுக்குத்தான் சொல்கிறோம்.

ராஜதந்திரி என்பது உண்மை. வாஷிங்டனில் தூதராக இருந்த பெரியப்பாவிடம் 18 வயதில் வேலை பழகி, ஐரோப்பியத் தலைநகரங்களில் படிப்படியாக உயர்ந்து, 1874இல் லிஸ்பனில் பிரிட்டிஷ் தூதரானவர். 1875இல் மதராஸ் கவர்னர் பதவி தேடி வந்தது, வேண்டாமென்றார். மறு வருஷமே பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி அவரை இந்தியா முழுமைக்கும் வைஸ்ராய் ஆக்கினார்.

இரக்கமே இல்லாதவர் என்றும் சொல்ல மாட்டேன். ஆக்ராவில் புல்லர் என்ற வெள்ளைக்கார வக்கீல், வண்டி கொண்டுவரத் தாமதமானதற்காகத் தன் குதிரைக்காரனை அடித்தார். அவன் செத்துப்போனான். மாஜிஸ்திரேட் போட்ட அபராதம் முப்பது ரூபாய். இதைக் கண்டித்து 1876இல் லிட்டன் எழுதிய குறிப்பு, இங்கிருந்த வெள்ளையர்களைக் கொதிக்க வைத்தது. அதற்காக அவரை மதிக்கிறேன். ஒரு குதிரைக்காரனின் உயிருக்காக அவ்வளவு கோபப்பட்டவர், அதே வருஷம் தெற்கே பஞ்சம் தொடங்கியபோது என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி.

மதராஸ் அரசு தானியம் வாங்கி இருப்பு வைக்கப் பார்த்தது. சந்தையில் அரசு கை வைக்கக் கூடாது, விலையைக் குறைக்க முயலவே கூடாது என்று மேலிடமான லிட்டனின் இந்திய அரசு தடுத்தது. கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார், வாரக்கணக்கில் ஏற்பாடு செய்த ஆடம்பரத்தோடு நடந்தது.

அதே மாதம் செலவைக் குறைக்கச் சொல்லி சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற உயர் அதிகாரியை லிட்டன் மதராஸுக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் இருந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே கொஞ்சம் சில்லறை என்று கூலி வெட்டப்பட்டது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் குறைவு. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். வீட்டில் அளந்து பாருங்கள். விலை ஏறிக் கிடந்த காலத்தில் அந்தச் சில்லறைக்குப் பருப்பும் காயும் எவ்வளவு கிடைத்திருக்கும்? பகலெல்லாம் வெயிலில் மண் வெட்டுகிறவன் அதில் எத்தனை நாள் நிற்பான்? மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைத்தான் எழுதி எழுதிக் கேட்டார். சில மாதங்கள் கழித்தே கூலி உயர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான கணக்கு.

1878இல் பஞ்சக் கமிஷன் அமைத்தவரும் லிட்டன்தான். பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று பின்னால் வந்த பஞ்ச விதிகளுக்கு அதன் அறிக்கையே அடிப்படை. இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இனி வரும் பஞ்சத்துக்கென்று வரி போட்டு, வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவதாகச் சொன்ன ஏற்பாட்டை ஆப்கன் யுத்தம் வந்ததும் கைவிட்டதும் அவர் ஆட்சிதான். இதையெல்லாம் தட்டிக் கேட்கக்கூடிய இந்திய மொழி ஏடுகளுக்கு 1878 மார்ச்சில் வாய்ப்பூட்டுச் சட்டம் வந்தது. ஆங்கில ஏடுகளுக்கு அது கிடையாது. தமிழில் பத்திரிகை நடத்துகிற எனக்கு இது பழைய கதையாகத் தோன்றவில்லை.

நீங்கள் சென்னைக்கு வந்தால் மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் போய்ப் பாருங்கள். தூண்களுக்குக் கீழே கறுத்துக் கிடப்பது பக்கிங்காம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தத் துண்டு 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. வெட்டியவர்கள் பசியோடு வந்த நம் ஜனங்கள்.