ஐந்து எழுத்து, அதில் ஏயும் ஆரும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல் வேண்டும். ஏ, ஆர் இரண்டும் இருக்கின்றன. எந்த இடத்தில் என்று தெரியாது. கருவி எதுவும் இல்லாமல் எப்படித் தேடுவது?

ஐந்து இடங்களில் இரண்டு எழுத்துகளை 20 விதமாக வைக்கலாம். ஆனால் ஆங்கிலம் இந்த இருபதையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. முதலில் '-இஆர்' என்று முடியும் சொற்களைப் பாருங்கள்: வாட்டர், லேட்டர், ஆஃப்டர், ஆல்டர். அடுத்து, ஒரு மெய்யெழுத்தை ஒட்டி 'ஆர்-ஏ' வரும் வகை: கிரேன், கிரெயின், டிரெயில். மூன்றாவது, 'ஏ-ஆர்' சேர்ந்து நடுவில் நிற்பது: மார்ச், சார்ம், ஸ்மார்ட், ஹார்ட். 'ஏஆர்' என்று முடிவது (சுகர், சோலார்), 'ஆர்ஏ' என்று தொடங்குவது (ரேடியோ, ரெய்னி) இரண்டையும் கடைசியாகப் பார்த்தால் போதும். இந்த ஐந்து அச்சுகளையும் தாளில் கோடிட்டு எழுதிவிட்டு, இல்லை என்று உறுதியான எழுத்துகளை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மனதுக்குள்ளேயே தேடினால் ஒரே அச்சில் சுற்றிச் சுற்றி வருவோம். பலரும் சிக்குவது அங்கேதான்.

கேள்வி: எக்செல்லில் ஒரு பெரிய சொற்பட்டியல் வைத்திருக்கிறேன். ஏழு எழுத்தும், அதில் எக்ஸும் உள்ள சொற்களை மட்டும் எடுப்பது எப்படி?

சொல் இருக்கும் நெடுவரிசைக்கு ஃபில்டர் போடுங்கள். 'ஈக்வல்ஸ்' பெட்டியில் ஏழு கேள்விக்குறிகளை (???????) இடுங்கள். ஒரு கேள்விக்குறி ஓர் எழுத்து. நட்சத்திரக்குறி எத்தனை எழுத்தாகவும் இருக்கலாம். இடம் தெரிந்த எழுத்து இருந்தால், அந்த இடத்துக் கேள்விக்குறியை எடுத்துவிட்டு எழுத்தைப் போடுங்கள். அடுத்து, 'அண்ட்' தேர்ந்து இரண்டாவது நிபந்தனையாக 'கன்டெய்ன்ஸ்' எக்ஸ். அந்தப் பெட்டி இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் வாங்காது. மூன்று, நான்கு எழுத்து தேட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நெடுவரிசை வைத்து 'சர்ச்' சூத்திரம் போடுங்கள். எழுத்து இருந்தால் எண் வரும், இல்லாவிட்டால் பிழை வரும். எண் வந்த வரிசைகளை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். 'ஃபைண்ட்' வேண்டாம், அது பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறாகப் பார்க்கும்.

இருக்க வேண்டிய சொல் வராமல் போனால், 'லென்' சூத்திரத்தால் அதன் நீளத்தை அளந்து பாருங்கள். ஏழெழுத்துச் சொல்லுக்கு 8 காட்டினால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. 'ட்ரிம்' அதை நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் சில சமயம் 'ட்ரிம்' போட்டும் 8 என்றே நிற்கும். அது 160-ஆம் எண் கொண்ட வேறு வகை இடைவெளி. 'சப்ஸ்டிட்யூட்' சூத்திரத்தில் 'கேர்(160)' கொடுத்து வெறுமையாக மாற்ற வேண்டும். இன்னொரு வேடிக்கை: 'ட்ரூ', 'ஃபால்ஸ்' என்ற இரு சொற்களையும் எக்செல் சொற்களாகவே மதிக்காது, தர்க்க மதிப்பாக மாற்றிவிடும். கேள்விக்குறித் தேடலில் அவை சிக்கமாட்டா. பட்டியலை ஒட்டும் முன்பே நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் கோப்பில் பொருந்தும் வரிகளைத் தேடித்தரும் 'கிரெப்' கட்டளைக்கு ^.....$ (வரியில் சரியாக ஐந்து எழுத்து) என்று கொடுத்தேன். நான்கெழுத்துச் சொற்கள் வருகின்றன!

உங்கள் கோப்பு விண்டோஸில் சேமிக்கப்பட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கிறது; புள்ளி அதையும் ஓர் எழுத்தாக எண்ணுகிறது. 'டாஸ்2யூனிக்ஸ்' கட்டளையால் கோப்பைத் திருத்திவிட்டுத் தேடுங்கள். புள்ளிக்குப் பதிலாக, சதுர அடைப்புக்குள் ஏ முதல் இசட் வரை என்று கொடுப்பது இன்னும் நல்லது. இல்லாவிட்டால் 'கேட்'ஸ்' போன்றவை மேற்கோள்குறியையும் சேர்த்து ஐந்தெழுத்தாக நுழைந்துவிடும்.

மேக் கணினியில் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் உள்ள சொற்கோப்பு 1934-இல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது. பன்மைச் சொற்களும் இறந்தகால வடிவங்களும் பெரும்பாலும் இருக்காது. அதில் இல்லை என்பதற்காகச் சொல்லே கிடையாது என்று முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்தில் (பச்சை: சரியான இடம், மஞ்சள்: உண்டு, ஆனால் வேறு இடம், சாம்பல்: இல்லை) ஒரே எழுத்து பச்சையாகவும் சாம்பலாகவும் வருகிறதே? அதை வைத்துத் தேடினால் எதுவுமே கிடைக்கவில்லை.

சாம்பல் நிறத்தைக் கண்டதும் அந்த எழுத்தைத் தேடும் கருவியின் 'இல்லாத எழுத்து' கட்டத்தில் போட்டிருப்பீர்கள். விடை 'ஹெலோ' என்று வைத்துக்கொள்வோம்; நீங்கள் 'லெவல்' போடுகிறீர்கள். முதல் இ பச்சை, இரண்டாவது இ சாம்பல். சொல்லில் 'இ' என்ற எழுத்து ஒன்றுதான் உண்டு என்பதே அதன் பொருள். இரண்டு எல்லும் மஞ்சள்: குறைந்தது இரண்டு எல் உண்டு, முதலிடத்திலும் கடைசியிலும் கிடையாது. சாம்பலை எல்லா இடத்துக்குமான தடையாக எடுத்தால் சரியான விடையும் சேர்ந்து வெளியே போய்விடும்.

கேள்வி: கடைசி நான்கு எழுத்தும் பச்சை, முதல் எழுத்து மட்டும் மாட்டுவதில்லை. என்ன செய்வது?

'ஐஜிஹெச்டி' என்று முடியும் குடும்பம் இதில் பேர்போனது. லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், ஃபைட் ஏழும் மிச்சமிருக்க, கையில் இரண்டே முயற்சி என்றால், ஒவ்வொன்றாகப் போட்டால் ஏழில் இரண்டு பங்குதான் வாய்ப்பு. அதற்குப் பதில் 'ஃபிலிம்ஸ்' என்று போடுங்கள். எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே அடியில் சோதிக்கப்படும்; ஏதாவது ஒன்றுக்கு நிறம் வந்தால் கடைசி முயற்சியில் விடை உறுதி. எதற்கும் வராவிட்டாலும் மூன்றுதான் மிச்சம். மொத்தத்தில் வாய்ப்பு ஏழில் ஐந்தாக உயர்கிறது. கிடைத்த பச்சை, மஞ்சள் எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் வைத்தே ஆக வேண்டிய ஹார்டு மோடில் இதற்கு இடமில்லை.

கேள்வி: க்யூவுக்குப் பின் யூ வராத ஐந்தெழுத்துச் சொற்கள்?

ஃபகீர், நிகாப், புர்கா, கனாத். பெரும்பாலானவை அரபி வழி வந்தவை.

கேள்வி: கலைந்த ஆறெழுத்திலிருந்து எல்லாச் சொற்களையும் எடுக்க முடியுமா?

முடியும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசைப்படுத்திப் பக்கத்தில் எழுதிவைத்து, அந்த நெடுவரிசையில் தேடுங்கள். இ-ஐ-எல்-என்-எஸ்-டி என்று தேடினால் லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஐந்தும் ஒன்றாக வந்து நிற்கும்.