அமெரிக்கானா இசைக்குழு என்றால் என்ன? ஊரில் அதற்கு என்ன வேலை?

அமெரிக்கானா என்பது அமெரிக்க நாட்டுப்புற இசையில் வேர்விட்ட இசைவகை. ஃபிடில் (வயலின்தான்), பான்ஜோ (வட்டமான தோல் முகம் கொண்ட தந்தி வாத்தியம்), கிட்டார், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பேஸ். இவற்றோடு கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலையூர்ப் பழம்பாட்டுகளை வாசிக்கும் உள்ளூர்க் குழுக்களும் இந்தப் பெயருக்குள் வரும். அங்கே வர்ஜீனியா மாநிலத்தின் ஃபிளாய்டு என்ற சிற்றூரில் வெள்ளிக்கிழமை இரவு ஒரு பழைய கடைக்குள்ளேயே கச்சேரி. ஆடுவதற்கும் இடம் உண்டு.

ஊர் இவர்களை விடாததற்குக் காரணமே ஆட்டம்தான். எதிரெதிர் வரிசையில் ஜோடியாக ஆடும் கான்ட்ரா நடனத்தில் மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை: மொத்தம் 64 தாளத் தட்டு. நடன அடிகளும் அதே 64. ஒரு பகுதியை ஒருமுறை விட்டால் 16 தட்டு போச்சு. ஜோடிகள் பாதி வழியில் நிற்பார்கள். கயிறு சுற்றுபவர் கை பிசகினால் தாண்டுபவர் தடுக்கி விழுவாரே, அப்படி. வித்தை காட்டும் விரல்களைவிட, வேகம் மாறாத பேஸ்காரர்தான் இங்கே முக்கியம்.

பான்ஜோ வெள்ளையரின் மலை வாத்தியம் என்பது தவறு. அதன் மூலவடிவம், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் செய்தது.