கிரீமிலிருந்து ஷேவிங் சோப்புக்கு மாறுகிறேன், முதலில் எதை வாங்குவது?

இதுவரை கிரீம் மட்டுமே போட்டவர் கல் மாதிரி கெட்டியான வட்டச் சோப்பில் தொடங்க வேண்டாம். இத்தாலியின் ப்ரொராசோ போல, விரலால் அழுத்தினால் குழியும் மென்சோப்பை வாங்குங்கள். பச்சை டப்பாவில் மெந்தால் உண்டு. சட்டென்று எரியும் சருமம் என்றால் வெள்ளை டப்பா.

கிரீமில் தண்ணீர் ஏற்கெனவே நிறையக் கலந்திருக்கும், சோப்பில் குறைவு. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: பிரஷில் போதுமான சோப்பு ஏறுவதற்குள் முகத்துக்குப் போய்விடுகிறார்கள். நனைத்த பிரஷை நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் 30 விநாடியாவது சுற்றுங்கள். பிரஷ் நுனியில் கெட்டித் தயிர் போல பசை ஏறியிருக்க வேண்டும். பிறகு முகத்தில் தேய்த்தபடியே நாலைந்து சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் அதிகம், அல்லது சோப்பு குறைவு. நுரை மங்கிக் காய்ந்தால் தண்ணீர் போதவில்லை. தயிர் பதம் மாறிப் பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடலாம்.

வீட்டில் போர்வெல் தண்ணீரா? அதிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவாகிவிடும், நுரை எழாது. சோப்பைக் குறை சொல்லுமுன் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் முயன்று பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். முடிந்ததும் டப்பாவை மூடாமல் காயவிடுங்கள்.