புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசிவது எப்போது நிற்கும்?

அப்பாவுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். ஆனால் வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். எனக்கு ஒன்பது மாதம் ஆனது.

எனக்குக் குடியாத்தம், வயது 68. ஆபரேஷன் வேலூரில். புற்றுநோய் என்றபோது "சரி, பார்த்துக்கலாம்" என்றவன்தான் நான். சிறுநீர் போக வைத்திருந்த டியூப்பை எடுத்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்ததும் வேட்டி நனைந்துவிட்டது. அதை மனைவியிடம் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சிறுநீர்ப் பைக்கு இரண்டு பூட்டு. அதற்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியை எடுக்கும்போது மேல்பூட்டு பெரும்பாலும் அதோடு போய்விடுகிறது. கீழே இருக்கும் தசையே முழு வேலையும் பார்க்க வேண்டும். அதனால்தான் இருமினால், தும்மினால், பேரனைத் தூக்கினால் சொட்டுகிறது.

அந்தத் தசைக்குத்தான் பயிற்சி. சபையில் காற்று பிரியாமல் அடக்குவோமே, அதே இறுக்கம். ஐந்து எண்ணி விட வேண்டும். நான் ஒரு மாதம் வயிற்றை எக்கிக்கொண்டு, தொடையை முறுக்கிக்கொண்டு செய்தேன், எல்லாம் வீண். பிசியோதெரபி அம்மாதான், "ஐயா, மூச்சை விடுங்க, வயிறு அசையக் கூடாது" என்று திருத்தினார். எழுவதற்கு முன்பே ஒருமுறை இறுக்கிக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார். கசிவுக்கு ஒரு நாளில் வைக்கும் ஐந்து பேடு மூன்றானது, அப்புறம் ஒன்று.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். கசியுமே என்று தண்ணீரைக் குறைத்தேன், அதுவும் கத்திரி வெயிலில், நம் வெயிலூரில்! சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் மிச்சம். குறைக்க வேண்டியது டீ, காபியை.

நான் டாக்டர் இல்லை, இதையெல்லாமா வெளியில் எழுதுவது என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பதிலும் இல்லை. காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வருஷம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் சிறுநீர்க் குழாயைத் தாங்க உள்ளே பொருத்தும் பட்டை, செயற்கை வால்வு என்று வழிகள் இருக்கின்றன, கேளுங்கள்.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். செக்கப்புக்குப் போகும் வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. சுவரில் "சிறுநீர் கழிக்க இலவசம்" என்று எழுதியிருக்கும், வாசலில் ஒருவர் ஐந்து ரூபாய்க்குக் கை நீட்டுவார். நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் சில்லறை இல்லையாம். அங்கேயே நின்று நியாயம் பேசுகிற நிலையிலா நான் இருந்தேன்? அன்றும் வேட்டி போனது. இப்போதும் சட்டைப் பையில் இரண்டு ஐந்து ரூபாய்க் காசு தனியாக வைத்திருக்கிறேன்.