க்ரூகர் பூங்காவுக்குப் போகத் திட்டமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நுழைவுக் கட்டணமும் அறை வாடகையும் அடிக்கடி மாறுவதால் தொகை எதையும் எழுதவில்லை. பூங்காவை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பின் தளத்தில் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: அண்ணா, மசாய் மாரா நல்லதா, க்ரூகர் நல்லதா? ஒன்றுதான் போக முடியும்.

லட்சக்கணக்கான காட்டுமாடுகள் (வில்டிபீஸ்ட்) ஆற்றைக் கடக்கும் காட்சிதான் உங்கள் கனவு என்றால் கென்யாவுக்குப் போங்கள். ஜூலை முதல் அக்டோபர் வரை மாராவில் அது நடக்கும். க்ரூகரில் அப்படி ஒரு இடப்பெயர்ச்சி கிடையாது. மாரா திறந்த புல்வெளி. இங்கே புதரும் மரமும் கலந்த காடு, விலங்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் க்ரூகரில் உங்கள் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் கையில். ஒரு யானைக் கூட்டம் தண்ணீர் குடித்து முடிக்கும் வரை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாலும், "போகலாமா" என்று கேட்க ஓட்டுநரோ பக்கத்து இருக்கைக்காரரோ இல்லை. எனக்கு அதனால்தான் க்ரூகர் பிடிக்கும்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: எங்களுக்கு மே மாதம்தான் லீவு. போகலாமா சார்?

தாராளமாகப் போகலாம் மேடம். அங்கே மழைக்காலம் ஏறக்குறைய அக்டோபரில் தொடங்கி ஏப்ரலோடு முடியும். மே மாதம் காடு காயத் தொடங்கியிருக்கும். புல் இன்னும் கொஞ்சம் உயரமாக இருக்கலாம். விலங்குகளைப் பார்க்க மிக நல்ல காலம் ஆகஸ்ட், செப்டம்பர். இலை உதிர்ந்து, குட்டைகள் வற்றி, எல்லா உயிர்களும் ஆற்றுக்கு வந்தாக வேண்டிய நேரம் அது.

நவம்பர், டிசம்பரை ஒதுக்கிவிடாதீர்கள். வெயில் 40 டிகிரியைத் தொடும், ஆனால் இம்பாலா மான்கள் குட்டி போடுவது அப்போதுதான். காடு முழுக்கப் பச்சை, பறவைகளும் அதிகம். மே முதல் ஆகஸ்ட் வரை போனால் ஸ்வெட்டர், குல்லா கட்டாயம் எடுத்துப் போங்கள். விடிகாலையில் திறந்த வண்டியில் உட்கார்ந்தால் ஊட்டிக் குளிர்தான்.

சென்னையிலிருந்து ஒருவர்: நான்கு நாள் இருக்கிறது. பூங்கா முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, தயவுசெய்து முயற்சி பண்ணாதீர்கள். வடக்கிலிருந்து தெற்கு வரை சுமார் 360 கிலோமீட்டர், பரப்பளவு 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். தார்ச் சாலையில் 50, மண் சாலையில் 40தான் வேக வரம்பு. நின்று நின்று பார்த்துப் போகும்போது உண்மையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள்.

தெற்குப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் தங்கும் முகாம்களில், லோயர் சாபியில் இரண்டு இரவு, சடாராவில் இரண்டு இரவு. இரண்டுக்கும் இடையே 90 கிலோமீட்டர் சொச்சம். அந்தப் பயணத்துக்கே ஒரு நாளை ஒதுக்குங்கள். லோயர் சாபி முகாமுக்கு மிக அருகில் சன்செட் டேம் என்று ஒரு நீர்நிலை இருக்கிறது. முதலை, நீர்யானை, நாரை எல்லாம் காரிலிருந்தே தெரியும். மாலையில் முகாம் கதவு மூடும் வரை அங்கே இருக்கலாம். ஸ்குகுஸா முகாமுக்கும் லோயர் சாபிக்கும் நடுவில் சாபி ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலையில் பெரிய மரக்கிளைகளைக் கவனித்துக்கொண்டே போங்கள், அது சிறுத்தைகளின் இடம். சடாராவுக்குக் கிழக்கே எஸ்100 மண் சாலை சிங்கத்துக்குப் பேர்போனது. காலையில் கதவு திறந்ததும் அங்கே போய்விடுங்கள்.

ஒரு நாளில் 200 கிலோமீட்டர் ஓட்டியவர்களைவிட, ஒரு தண்ணீர்க் கரையில் இரண்டு மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தவர்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள். திட்டம் போடும்போது நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்: தூரத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்.

அதே நண்பர்: விலங்கு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற விலங்குகள் சொல்லும். இம்பாலாக் கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையைப் பார்த்தால், நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். குரங்குகள் மரத்தில் நின்று விடாமல் கத்தினால் கீழே சிறுத்தை இருக்கலாம். மரத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் நிறைய உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் ஏதோ இரை கிடக்கிறது. அப்புறம், எதிரே வரும் காரை நிறுத்தி "ஏதாவது பார்த்தீர்களா" என்று கேட்பது அங்கே சகஜம். கூச்சப்பட வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒருவர்: இந்திய லைசென்ஸ் போதுமா? ஜீப் வேண்டுமா?

அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அது நமக்குப் பெரிய வசதி. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் செல்லும்; ஆனாலும் வாடகைக் கார் நிறுவனங்கள் பல, சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கேட்கின்றன. கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். சாதாரணக் கார் போதும். கொஞ்சம் உயரமான வண்டி என்றால் புல்லுக்கு மேலே பார்க்க வசதி, அவ்வளவுதான். ஜோகன்னஸ்பர்கிலிருந்து தெற்கு வாசல்களுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இருட்டுவதற்குள் வந்து சேரும்படி கிளம்புங்கள்.

முகாம் கதவு நேரத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர்காலமான மே, ஜூன், ஜூலையில் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடிவிடுவார்கள். அங்கே கோடையின் உச்சமான நவம்பர், டிசம்பரில் 4.30க்கே திறந்துவிடும். தாமதமாக வந்தால் அபராதம்.

சேலத்திலிருந்து ஒரு தாய்: ஐந்து வயதுப் பையன், எழுபது வயது மாமியார். பாதுகாப்பா?

காருக்குள் இருக்கும் வரை பயமில்லை அம்மா. முகாம்களைச் சுற்றி வேலி உண்டு. அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டக் கூடாது. குழந்தையிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பூங்காவின் திறந்த வண்டிச் சவாரிக்கு ஆறு வயது ஆகியிருக்க வேண்டும், காட்டு நடைக்குப் பன்னிரண்டு. அதனால் பையனுக்கு உங்கள் கார்தான். மாமியாருக்காக, மதிய வெயிலில் முகாமுக்குத் திரும்பி ஓய்வெடுக்கும்படி திட்டம் போடுங்கள். விலங்குகளும் அப்போது நிழலில்தான் படுத்திருக்கும்.

மலேரியாவை அலட்சியம் செய்யாதீர்கள். குழந்தையும் பெரியவரும் இருப்பதால் பயணத்துக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை பற்றிக் கேளுங்கள். மழைக்காலத்தில் ஆபத்து கூடுதல். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், "க்ரூகர் போய் வந்தோம்" என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

விமானம் எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாகப் போய், அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். விசா எடுக்கும்போது பையனின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். பயணத்திலும் அதைக் கையோடு வைத்திருங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

சமையல் வசதி உள்ள குடிலாகப் பதிவு செய்யுங்கள். பல குடில்களில் அடுப்பு, பாத்திரம், பிரிட்ஜ் எல்லாம் இருக்கும். ஜோகன்னஸ்பர்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் பருப்பு, மசாலா, அரிசி என்று இந்திய மளிகை கிடைக்கும். காய்கறியைப் பூங்கா வாசலுக்கு முந்தைய ஊரில் வாங்கலாம். மேசையில் எதையும் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள், குரங்கு நொடியில் தூக்கிவிடும். நம் வீட்டில் கீசருக்கு இருக்கும் பெரிய மூன்று முனை பிளக்தான் அங்கே பரவலாக இருக்கிறது. அதற்கேற்ற மாற்றியை எடுத்துப் போனால் சார்ஜருக்கு ஆகும்.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: யானை வழிமறித்தால்?

காத்திருங்கள். யானை பக்கத்தில் இருக்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். பின்னால் போக இடம் இருக்கிறதா என்று எப்போதும் பார்த்து வையுங்கள். ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழிந்து, பின்கால்கள் சிறுநீரில் நனைந்திருந்தால் அது மதத்தில் இருக்கிறது. நன்றாக விலகிப் போங்கள். குட்டிகளோடு வரும் கூட்டத்துக்கு நடுவில் காரை நுழைக்கவே கூடாது. தந்தம் இருப்பதெல்லாம் ஆண் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைத்துவிடாதீர்கள், அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு.

பெங்களூரிலிருந்து ஒருவர்: சாபி சாண்ட் போன்ற தனியார் காடுகளுக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா?

சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவே 1993இலேயே வேலி எடுத்துவிட்டார்கள், அதனால் விலங்குகள் அங்கும் இங்கும் போய்வரும். தனியார் காட்டில் வழிகாட்டி சாலையை விட்டு இறங்கி ஓட்டலாம், சிறுத்தையை மிக அருகில் காட்டுவார்கள். பணம் இருந்தால் கடைசியில் ஓரிரு இரவு வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் க்ரூகர் முகாமிலேயே இன்னும் பல நாள் தங்கலாம். என் வோட்டு அதற்குத்தான். முகாம் பதிவு ஏறக்குறைய 11 மாதம் முன்பே திறந்துவிடும்; லோயர் சாபி சீக்கிரம் நிரம்பும்.

புதுச்சேரியிலிருந்து ஒருவர்: எடுக்கும் படங்களை உடனே போடலாமா?

காண்டாமிருகம் தவிர எதையும் போடுங்கள். கொம்புக்காகக் கொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் பல காண்டாமிருகங்களின் கொம்பை அதிகாரிகளே மயக்க மருந்து கொடுத்து வெட்டிவிடுகிறார்கள். கொம்பு குட்டையாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பார்த்த இடத்தையும் நேரத்தையும் எழுதாதீர்கள், போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். படத்தை ஊர் திரும்பிப் பல நாள் கழித்து, இடம் சொல்லாமல் போடலாம்.